ஐந்தாம் தலையணை

பிள்ளைத்தாய்ச்சி விருந்தினருக்கென்று
முதலாளி கின்டீனு ஒரு திட்டம் போட்டிருந்தார்:
லாவெண்டர் மெழுகுவத்தி,
இதய வடிவில் நான்கு சாக்லேட்,
போதையில்லாத ஒயின்,
கதவுப்பிடியில் ஒரு பலூன்.
பில்லில் தனியாக இருபத்தெட்டு யூரோ.

ஓர்த்தா துறைமுகத்துக்கு மேலே
எங்கள் ஹோட்டல். மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது.

தியோலிந்தா வந்தது பிப்ரவரியில்.
கோர்வுத் தீவில் பிரசவம் பார்க்க இடமில்லை.
வாரக் கணக்கு முற்றுவதற்குள்
குட்டி விமானத்தில் ஏறி
ஆஸ்பத்திரி இருக்கும் எங்கள் தீவுக்கு வந்து
காத்துக்கிடக்க வேண்டும்.
எத்தனை இரவு தங்குவீர்கள் என்றதற்கு
வயிற்றைக் காட்டி,
"இதைக் கேளுங்கள்" என்றாள்.

மரியாதையாகக்
கடல் தெரியும் அறையைக் கொடுத்தார்கள்.
"நாற்பத்தொரு படி," மேலே வந்ததும் மூச்சு வாங்கினாள்.
"கடலைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அம்மா."

மறுநாள் அறை துடைக்கப் போனேன்.
மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.
இரண்டு எட்டு வைத்திருப்பேன்,
வாளியைப் போட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடினேன்.
திரும்பி வந்தபோது
சன்னல் திறந்திருந்தது, திரி அணைந்திருந்தது.
"எத்தனை வாரம்?" என்றாள்.

பத்து.
ஏப்ரலில் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும்.
அதுவரை இந்த வீட்டில்
வாயும் வயிறுமாக இருப்பவள்
அவள் ஒருத்திதான்.

கீழ்த்தளத்தில் சலவை எந்திரத்தை ஒட்டி
யாரும் கேட்காத அறை ஒன்று உண்டு.
அதற்கு மாற்றினேன்.
எந்திரம் சுற்றும்போதெல்லாம்
உள்ளே உதைப்பவன் அடங்குகிறானாம்.
கைப்பிடி வைத்த சோபாவில் உட்கார்ந்தால்
எழ முடியவில்லை என்றாள்;
துணி அறையின் மொட்டை நாற்காலியைக் கொண்டுவந்தேன்.
அது சில நாள் ஷவருக்கடியில் நின்றது,
சில நாள் சன்னலோரம்.
காலை உணவு எட்டு மணிக்கு. அவளுக்குப் பசிப்பதோ மூன்று மணிக்கு.
இரவே ரொட்டியும் அவித்த முட்டையும்
துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போவேன்.
காலையில் பார்த்தால்
பாதி ரொட்டி மிச்சமிருக்கும்,
கடித்தது இல்லை, கத்தியால் நறுக்கியது.

தலையணை ஐந்து கேட்டாள்.
"தலை ஒன்றுதானே?" என்றார் கின்டீனு.
ஒன்று தலைக்கு, ஒன்று முதுகுக்கு,
முட்டிகளுக்கிடையே ஒன்று, வயிற்றைத் தாங்க ஒன்று.
ஐந்தாவது எதற்கென்று எனக்கும் புரியவில்லை,
மொட்டை நாற்காலியில் அதைப் போட்டு
"உட்கார்" என்று அவள் சொல்லும்வரை.

'தொந்தரவு செய்யாதீர்' அட்டையை
வெளியே மாட்டிக் கதவைச் சாத்தினாள்.
பத்து நிமிடம்.
பேசவில்லை இருவரும்.
அட்டைக்குப் பக்கத்தில்
அந்தப் பலூன் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தது,
நாங்கள் இருவரும் எதிர்த்திசையில்.

பதினெட்டாம் இரவு பனிக்குடம் உடைந்தது.
காற்று ஓயாததால் விமானமில்லை,
புருஷன் எர்மீனியோ தொலைபேசியில் மட்டும் இருந்தான்.
டாக்ஸி வருமுன்
படுக்கை விரிப்பை அவளே உருவிச் சுருட்டிக்
கையில் வைத்துக்கொண்டு வரவேற்பில் நின்றாளாம்,
மன்னிப்புக் கேட்டபடி.

மெத்தைக்குப் பணம் பிடிக்கலாமா என்று கேட்டார் கின்டீனு.
பதிவேட்டில் எழுதினேன்:
"பழைய கறை. சுல்மீரா."

மார்ச்சில் ஒருநாள் அவரே கேட்டார்,
திட்டத்தில் என்ன சேர்க்கலாம் என்று.
மெழுகுவத்தியை எடுத்துவிடுங்கள் என்றேன்.
நாற்காலியைச் சொன்னேன், முட்டையைச் சொன்னேன்,
கடலை வேண்டுபவர்களுக்குக் கொடுங்கள் என்றேன்.
எழுதிக்கொண்டார்,
கடைசிக்கு மட்டும் தலை நிமிர்ந்தார்.

தலையணையைப் பற்றிச் சொல்லவில்லை.
அது துணி அறை மேல்தட்டில் இருக்கிறது.
பதினோரு மணிக்கு அதை இறக்கி,
அட்டையைக் கதவில் மாட்டிவிட்டு,
வாளிக்குப் பக்கத்தில்
உட்காருகிறோம்.